விகுதியில்லாத இறந்தகாலம்

11 பக்க அறிக்கை ஒன்றில் 7 இடங்களில் 'டிட் நாட் வென்ட்' என்றும் 'டிட் நாட் கேம்' என்றும் எழுதியிருந்தேன். ஏழையும் சிவப்பு மையால் வட்டம் போட்டு, ஓரத்தில் ஒரு வார்த்தைகூட எழுதாமல் திருப்பிக் கொடுத்தார் வழக்கறிஞர் தோழர். தமிழ் எம்.ஏ., பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் சிறுபத்திரிகைகளில் விமர்சனம், பேச ஆரம்பித்தால் 'தன்னிலை', 'சொல்லாடல்', 'மற்றமை' என்று மூச்சுவிடாமல் வரும். இருந்தும் முப்பத்தாறு வயதில், ஏழாம் வகுப்புப் பையன் வாங்கவேண்டிய வட்டங்களை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது இதுதான். ஒரு கிராமம் (வழக்கு நடக்கிறது, ஊர்ப்பெயர் வேண்டாம்). டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததில் ஆரம்பித்து, சேரிக்குள் புகுந்து அடித்ததில் போய் நின்றது. உண்மை அறியும் குழுவாக 5 பேர் போனோம். அறிக்கையைத் தமிழில் நான் எழுதினேன், அதில் சிக்கலில்லை. டெல்லியிலுள்ள தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையத்துக்கு அனுப்ப இங்கிலீஷில் வேண்டும். வழக்கமாக அதைச் செய்துதரும் நண்பர் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். 'நீங்களே முயற்சி பண்ணுங்க தோழர், நான் திருத்தித் தர்றேன்' என்றார் வழக்கறிஞர். அப்படித்தான் இங்கிலீஷின் சாதாரண இறந்தகாலத்தை, இலக்கணப் புத்தகங்கள் சிம்பிள் பாஸ்ட் என்று சொல்வதை, உட்கார்ந்து கற்க வேண்டிவந்தது. இங்கிலீஷ் கற்பது எப்படி என்று யாரும் இதைப் படிக்க வேண்டாம். இன்னொரு மொழியின் இறந்தகாலத்துக்குள் நுழைகிறபோது என் மொழியின் இறந்தகாலத்தில் என்னவெல்லாம் ஒட்டிக்கிடக்கிறது என்று தெரியவந்தது. அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் படித்தது அரசுப் பள்ளியில், தமிழ் வழியில். இங்கிலீஷ் இறந்தகாலம் எங்களுக்கு ஒரு வாய்ப்பாடு. 'கோ - வென்ட் - கான்', 'கம் - கேம் - கம்', 'ஈட் - ஏட் - ஈட்டன்'. பதினாறாம் வாய்ப்பாடு மாதிரியே ராகம் போட்டுச் சொல்வோம். ராகத்தில் மூன்றாவது சொல் வந்ததும் அடுத்த வினைக்குத் தாவிவிட வேண்டும், நடுவில் ஒரு வாக்கியம் வரக்கூடாது. 'வென்ட்' என்பது 'கோ'வின் பிள்ளையே இல்லை, 'வெண்ட்' என்ற வேறொரு வினையின் இறந்தகாலம், 'செண்ட்'டுக்கு 'சென்ட்' வருவதுபோல அதற்கு வந்தது, பழைய ஆங்கிலத்தில் 'கோ'வுக்கு இருந்த இறந்தகாலம் வழக்கொழிய இது வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது என்பதெல்லாம் பிற்பாடு படித்தது. சொல்லியிருந்தால் ஒருவேளை பிடித்துப்போயிருக்கும். கதை என்றால் கேட்டிருப்போமே. வீட்டுக்கு வீடு கிடந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தை எழுதிய இருவரில் ரென், பாலைவனப் படைவீரர்களைப் பற்றி 1924இல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலும் எழுதியவர். அந்த ஆள் எழுதிய இலக்கணத்தில் ஒரு கதைகூட இல்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஒழுங்கான வினைகளுக்கு 'எட்' சேர்த்தால் போதும் என்பார் ஆசிரியர். நாங்கள் 'வாக்கெட்', 'டாக்கெட்' என்று வாசித்தோம். 'வாக்ட்' என்று ஒட்டி வரவேண்டும், 'வான்டட்' போன்ற சிலவற்றுக்குத்தான் தனி அசை உண்டு என்று தெரிய ஒரு இருபது வருஷம். த், ட், ற் என்னும் ஒற்றுகளும் இன் என்பதும் இறந்தகால இடைநிலைகள் என்று நன்னூல் படித்தவனுக்கு, இங்கிலீஷிலும் நாக்கு அதே பல்லோரத்தில்தான் போய்த் தட்டுகிறது என்பது வேடிக்கையாக இருந்தது. உடனே பாவாணர் அன்பர்கள் 'பார்த்தாயா, தமிழிலிருந்து போனதுதான்' என்று கிளம்ப வேண்டாம். ஜெர்மானிய மொழிகளின் அந்த விகுதி 'டூ' என்ற வினையிலிருந்து முளைத்தது என்று கருதும் மொழியியலாளர்கள் உண்டு, அதிலும் தகராறு உண்டு. தற்செயல் ஒற்றுமைக்கு வேர் தேடப் போனால் வேலை நடக்காது.

சரி, அந்த ஏழு வட்டங்கள். இங்கிலீஷில் மறுத்தாலும் கேள்வி கேட்டாலும் காலம் 'டிட்' மேல் ஏறிக்கொள்கிறது; வினை வெறும் வினையாகத் திரும்பிவிடுகிறது. காலத்தை ஒரு தடவை சொன்னால் போதும், இரண்டு தடவை சொல்லக்கூடாது. எனக்கோ வாய்ப்பாடு மண்டையில். நடந்து முடிந்ததா, 'வென்ட்' போடு. இதைவிடக் கேவலம், தமிழிலும் இதே விதிதான் என்பது. 'போனான்' என்பதை மறுக்க 'போகவில்லை' என்கிறோம். அங்கேயும் 'போக' என்பது காலமற்று நிற்கிறது. 'போனானில்லை' என்று இன்றைக்கு யாரும் பேசுவதில்லை. என் தமிழைக் காது கொடுத்துக் கேட்டிருந்தாலே 'டிட் நாட் கோ' வந்திருக்கும். இந்த 'போகலை'க்குப் பிறகு திரும்ப வருகிறேன், அதில் வேறொரு சங்கதி இருக்கிறது.

அடுத்த தப்பு வாய்ப்பாட்டில் இல்லாதது, நிஜமாகவே யோசிக்க வைத்தது. 'செவ்வாய்க்கிழமை ராத்திரி போலீஸ் ஜீப் வந்திருக்கு' என்று ஒரு அம்மா சொன்னதை 'ஹேஸ் கம்' என்று போட்டிருந்தேன். வட்டம். நாள், கிழமை சொல்லிவிட்டால் இங்கிலீஷில் அந்த வடிவம் கூடாது, 'கேம்'தான். சரியென்று எல்லா இடத்திலும் 'கேம்' போட்டுக் கொடுத்தேன். இலக்கணம் சுத்தமாகிவிட்டது. வழக்கறிஞர் ஒரு நாள் கழித்துக் கூப்பிட்டார். 'ஜீப்பை எத்தனை பேரு பார்த்தாங்க தோழர்? இதுல மூணு பேரு பார்த்ததா இருக்கு.' குறிப்புநோட்டை எடுத்துப் பார்த்தோம். ஒருத்தர் சொன்னது 'ஜீப் வந்துச்சு'. அவர் பார்த்தவர். அந்த அம்மா சொன்னது 'வந்திருக்கு'. காலையில் மண்ணில் டயர்த்தடம் பார்த்துச் சொன்னது. மூன்றாவது ஆள், பக்கத்துத் தெரு, 'வந்துச்சாம்' என்றார். கேள்விப்பட்டது. மூன்றையும் நான் 'கேம்' ஆக்கி மூன்று கண்கண்ட சாட்சிகளை உண்டாக்கி வைத்திருந்தேன். குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிஷம் தாங்காது.

நம்மில் யாரும் பள்ளிக்கூடத்தில் இதைப் படித்ததில்லை. விடிந்து எழுந்து ஈர வாசலைப் பார்த்து 'ராத்திரி மழை பெஞ்சிருக்கு' என்கிறோம். கூரையில் விழும் சத்தத்தைக் கேட்டு விழித்துக்கிடந்தவர் 'பெஞ்சுச்சு' என்பார். ஊரிலிருந்து போன் வந்தால் 'பெஞ்சுச்சாம்'. கண்டது, ஊகித்தது, கேட்டது என்று மூன்றையும் வினையின் வாலிலேயே முடிந்துவைத்துப் பேசுகிற ஜனங்கள் நாம். நீதிமன்றச் சாட்சியச் சட்டம் எதைக் கேட்கிறதோ அதைப் படிக்காத கிழவியின் வினைமுற்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இங்கிலீஷின் சாதாரண இறந்தகாலத்துக்கு இதில் அக்கறை இல்லை. வேண்டுமானால் வெளியிலிருந்து சொல் கொண்டுவந்து ஒட்டவைக்க வேண்டும். 'ஆம்' என்பதற்கு 'அலெஜட்லி' என்று போட்டேன். அதுவும் வட்டம். காரணம் சரியானது: 'அலெஜட்லி' போட்டால் சொன்ன ஆளை நம்பாத தொனி வந்துவிடுகிறது, அது போலீஸ் குறிப்பிலும் பத்திரிகையிலும் தாக்கப்பட்டவர்களுக்கு எதிராகப் புழங்கிப் புழங்கிக் கறைபட்ட சொல். நம் 'ஆம்' யாரையும் சந்தேகிக்கவில்லை, நான் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்கிறது. கடைசியில் 'அவர் தடத்தைப் பார்த்தார்', 'அவர் பிறர் சொல்லக் கேட்டார்' என்று தனித்தனி வாக்கியமாக உடைத்து எழுதினோம். அறிக்கை 13 பக்கமாயிற்று.

'பீட்' என்ற வினையிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். அறிக்கையில் அதிகம் வந்த வினை அதுதான். இறந்தகாலத்திலும் அது 'பீட்'தான், மாறுவதில்லை. 'ஹிட்' மாறாது, 'கட்' மாறாது, 'ஹர்ட்' மாறாது. மாறாத வினைகளின் பட்டியலில் 'புட்', 'ஷட்' போன்ற சாதுக்களும் உண்டு என்றாலும், அடி, வெட்டு, காயம் எல்லாம் ஒரே இடத்தில் வந்து குந்தியிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் திக்கென்றிருக்கும். 'தே பீட் அஸ்' என்று மட்டும் எழுதினால் அடித்தார்களா, அடித்துக்கொண்டிருக்கிறவர்களா என்று தெரியாது. அடிப்பவன் ஒருவனாக இருந்தால் நிகழ்காலத்தில் ஒரு 'ஸ்' வந்து காட்டிக்கொடுக்கும். கூட்டமாக அடித்தால் அந்த 'ஸ்'ஸும் கிடையாது. வழக்கறிஞர் எல்லா இடத்திலும் நாளும் நேரமும் சேர்க்கச் சொன்னார், அதுதான் முறை. ஆனால் அந்தத் தெருவில் ஒரு பெண் சொன்னது 'அடிச்சாங்க, எப்பவும் அடிப்பாங்க' என்பது. எதிர்கால விகுதியில் வழக்கமாய் நடந்ததைச் சொல்லும் நம் பேச்சு. நாள் குறிக்காத 'தே பீட் அஸ்' அவள் சொன்ன இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தது. இலக்கணப்படி குழப்பம். அவளைப் பொறுத்தவரை குழப்பமே இல்லை. நாளைச் சேர்த்தோம். வேறு வழி தெரியவில்லை எனக்கு, இன்றைக்கும்.

இனி 'கேம்'. தமிழ் படித்த யாரையும் தூக்கத்தில் எழுப்பி 'வந்தான்' என்றால் பகுபத உறுப்பிலக்கணம் ஒப்பிப்பார்: வா பகுதி, 'வ' எனக் குறுகியது விகாரம், த் சந்தி, ந் ஆனது விகாரம், த் இறந்தகால இடைநிலை, ஆன் ஆண்பால் வினைமுற்று விகுதி. ஐந்து மதிப்பெண். 'ஆன்' ஆண்பாலை மட்டுமா காட்டுகிறது? அந்த விடைத்தாளை நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன், ஒரு தடவைகூட அந்தக் கேள்வி தோன்றியதில்லை.

எங்கள் வீட்டு வயலில் வேலை பார்த்தவருக்கு அப்போது அறுபது வயதிருக்கும். எனக்கு எட்டு. தினமும் காலையில் கொல்லைப்புறமாக வந்து நிற்பார். நான் உள்ளே ஓடி, அவர் பெயரைச் சொல்லி, 'வந்துட்டான்ப்பா' என்பேன். யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. நடக்கக் கற்றதுபோல அதுவும் வந்தது. கல்லூரிக்குப் போய், அம்பேத்கரையும் பெரியாரையும் படித்துவிட்டு லீவில் வீடு திரும்பியபோது, அதே ஆள் அதே கொல்லைப்புறத்தில் நிற்கிறார். 'வந்தான்' வாயில் வரவில்லை. 'வந்தாரு' என்றால் அப்பா நிமிர்ந்து பார்ப்பார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'வந்தாச்சுப்பா' என்றேன். யார் வந்தாச்சு? ஆள் கிடையாது, பால் கிடையாது, மரியாதை கிடையாது, அவமரியாதையும் கிடையாது. அரசு அலுவலகத்தில் 'நடவடிக்கை எடுத்தாச்சு' என்பார்களே, எடுத்தவர் யாரென்று தெரியாமல், அதே 'ஆச்சு'. புரட்சிகரமான விடுமுறை முழுக்க அந்த ஒரு 'ஆச்சு'க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஓட்டினேன். நீயா நீங்களா என்று தீர்மானிக்க முடியாத எல்லாரும் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டுத் தப்பிக்கிறோம்.

இப்போது 'போகலை'க்கு வரலாம். நான் போகலை, அவன் போகலை, அவர் போகலை, அது போகலை. எல்லாவற்றுக்கும் ஒரே முற்று. பழைய தமிழில் 'வந்திலன்', 'வந்திலர்' என்று மறுப்பிலும் விகுதி இருந்தது. வழக்கில் அது உதிர்ந்துபோய் 'வரவில்லை' மட்டும் மிஞ்சியது. 'வரமாட்டான்', 'வரமாட்டார்' என்று எதிர்காலத்தில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, முடிந்ததை மறுக்கும் இடத்தில் மட்டும் இல்லை. பெயரை விட்டுவிட்டு 'வரலை' என்று சொல்லிப் பாருங்கள். வராதவர் பண்ணையாரா பறையடிப்பவரா, ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. ஆக, தமிழில் விகுதியில்லாத இறந்தகாலம் இல்லாமலில்லை. மறுப்பில் இருக்கிறது, மழுப்பலில் இருக்கிறது. ஒருவர் வந்தார் என்று நேராகச் சொல்லும்போதுதான், வந்தவர் யார் என்ன என்று தீர்மானித்துவிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கிலீஷில் 'ஹி கேம்' என்று முதன்முதலாக அந்த மனிதரைப் பற்றி எழுதிப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டதை விடுதலை என்றுதான் சொல்ல வேண்டும். (பயிற்சிக்காகச் சின்ன வயசு ஞாபகங்களை எழுதச் சொல்லியிருந்தார் வழக்கறிஞர்.) 'ஹி கேம் டு அவர் ஹவுஸ் எவ்ரி மார்னிங்.' கூச்சமில்லாமல், அப்பா நிமிர்ந்து பார்க்காமல், ஒரு வாக்கியம். ராஜாவும் 'கேம்', நாயும் 'கேம்', என் பாட்டியும் 'கேம்'. வினை அத்தனையிலும் 'வாஸ்', 'வேர்' என்ற ஒன்றுதான் ஆளுக்கு ஆள் கொஞ்சம் முகம் மாற்றுகிறது, அதுவும் எண்ணிக்கை பார்த்து மாற்றுகிறதேயொழிய அந்தஸ்து பார்த்தல்ல. இங்கிலீஷுக்கும் ஒரு காலத்தில் 'தௌ' என்ற 'நீ' இருந்தது, அதற்கு வினையில் தனி வாலும் இருந்தது. அந்த 'நீ' வழக்கொழிந்து 'நீங்கள்' மட்டும் எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சியது. அதனால் இங்கிலாந்தில் மேல், கீழ் ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. அது உச்சரிப்பில் போய் உட்கார்ந்துகொண்டது என்பார்கள். இருந்தாலும் வெளியிலிருந்து போகிறவனுக்கு அந்த வெற்று வினைமுற்று பெரிய நிம்மதி. உத்தரப் பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில் 2010இல் சந்திரபான் பிரசாத் 'ஆங்கிலத் தேவி'க்குக் கோவில் கட்ட முன்கை எடுத்தபோது நம் தமிழ்ப் பற்றாளர்களில் பலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

எழுதியதை வழக்கறிஞரிடம் காட்டி, என் விடுதலையைப் பற்றியும் சொன்னேன். படித்தார். 'உங்களுக்கு வசதியா இருக்கு தோழர். நீங்க அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டீங்கன்னு இதுல இல்லையே. அவர் இதைப் படிச்சா, நான் எங்க போனேன்னு கேப்பாரு.' அவர் சேரியிலிருந்து வந்து சட்டம் படித்தவர். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பிழையைத் திருத்துகிற குரலில் சொன்னார்.

இந்த இடத்தில் கோட்பாட்டாளர்களிடம் ஒரு புகார் உண்டு. ரோலான் பார்த் 1953இல் வந்த தன் முதல் நூலில் பிரெஞ்சின் எழுத்துமொழி இறந்தகாலத்தைப் பற்றி விரிவாகப் பேசுகிறார்: பேச்சில் செத்துப்போன ஒரு வினைவடிவம் நாவலிலும் வரலாற்றிலும் மட்டும் உயிரோடிருந்து, சிதறிக் கிடக்கும் நிகழ்ச்சிகளை ஒழுங்கான சங்கிலியாக்கிக் காட்டுகிறது, அது இலக்கியம் என்னும் நிறுவனத்தின் முத்திரை என்கிற வாதம். காம்யுவின் 'அந்நியன்' (1942) பேச்சுவழக்கு இறந்தகாலத்தில் எழுதப்பட்டது ஏன் பெரிய விஷயமானது என்பது இதை வைத்துத்தான் புரியும். நல்ல வாதம். ஆனால் இதை இங்கிலீஷ் வழியாகப் படித்துவிட்டு நம்மவர்கள் தமிழ் நாவலின் 'இறந்தகால எடுத்துரைப்பு அதிகாரம்' பற்றி எழுதும்போது (நானே எழுதியிருக்கிறேன், தேட வேண்டாம்) ஒன்று தவறிப்போகிறது. பிரெஞ்சில் எழுத்துக்கென்று தனி இறந்தகால வடிவம் இருக்கிறது, இங்கிலீஷில் அப்படி இல்லை, 'கேம்' டீக்கடையிலும் நாவலிலும் ஒன்றுதான். தமிழிலோ அரசியல் இடைநிலையில் இல்லை, அதற்குப் பின்னால் வரும் விகுதியில் இருக்கிறது. நம் நாவல்களின் கதைசொல்லியைக் கவனியுங்கள். படர்க்கையில் நின்று எல்லாம் அறிந்தவராகப் பேசுகிற அந்தக் குரல், வீட்டு எஜமானை 'வந்தார்' என்றும் வண்டிக்காரரை 'வந்தான்' என்றும் சொல்லும். இதைப் பாத்திரம் சொன்னால் அது பாத்திரத்தின் சாதி. கதைசொல்லி சொன்னால் யாருடைய சாதி? பார்த்தை மேற்கோள் காட்டாமலே கேட்டிருக்கவேண்டிய கேள்வி இது.

தொல்காப்பியத்தில் இதற்கு ஒரு விடையாவது இருக்கிறது. ஒருவரைப் பன்மையால் உயர்த்திச் சொல்வது வழக்கில் உள்ளதுதான், இலக்கண நெறியைச் சேர்ந்ததல்ல என்கிறது கிளவியாக்கம். 'ஆர்' பலரைக் குறித்த விகுதி. மன்னனுக்கும் 'ஆன்' போட்டுப் பாடியிருக்கிறார்கள், முருகனுக்கு இன்றைக்கும் 'ஆன்'தான், அதில் யாருக்கும் மனம் புண்படவில்லை. ஒருவனுக்கு 'ஆர்' ஏறியபோது இன்னொருவனின் 'ஆன்' இறங்கிவிட்டது. இலக்கணம் கைகழுவிவிட்டது, ஊர் எடுத்துக்கொண்டது.

பாமாவின் 'கருக்கு' (1992) பேச்சுமொழியிலேயே எழுதப்பட்டது. வயதான ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கைபடாமல் சரட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுக்கும் காட்சியை வாசித்தவர் மறக்கமாட்டார்கள். லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 2000இல் வந்தது. அந்த மொழிபெயர்ப்பு வழியாகத்தான் உலகம் அந்நூலை அறிந்தது, அதில் குறைசொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் இங்கிலீஷில் கொடுத்தவரின் வினைக்கும் வாங்கியவரின் வினைக்கும் ஒரே வடிவம். காட்சி இருக்கிறது, சரடு இருக்கிறது, விகுதி இல்லை. இலக்கியத்தில் இதை நாம் தாங்கிக்கொள்ளலாம், வாசகர் மீதியை நிரப்பிக்கொள்வார். நீதிமன்றத்தில்? கீழ்நீதிமன்றத்தில் தமிழில் சொன்ன சாட்சியம் உயர்நீதிமன்றம் போகும்போது, அரசியலமைப்பின் 348ஆம் பிரிவின்படி, இங்கிலீஷுக்கு மாற வேண்டும். 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொதுப்பார்வையில் வேண்டுமென்றே அவமதிப்பதைக் குற்றம் என்கிறது; 2015 திருத்தத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதற்கென்று தனி உட்பிரிவே வந்தது. சாதிப் பெயரை இங்கிலீஷில் எழுதிவிடலாம். எழுபது வயதுக்காரரைப் பார்த்து இருபத்திரண்டு வயதுப் பையன் கேட்ட 'எங்கடா வந்த'வை எப்படி எழுதுவது? 'ஒய் டிட் யூ கம்' என்று அதை இங்கிலீஷில் வாசித்தால் யாரோ நலம் விசாரிப்பதுபோல் இருக்கிறது.

அந்த எழுபது வயதுக்காரர்தான் எங்கள் முதல் சாட்சி. கையில் கட்டோடு திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். முழு வாக்குமூலத்திலும் அந்தப் பையனை அவர் 'அவரு' என்றே சொன்னார். 'அவரு வந்தாரு. எந்திரிடான்னாரு. அடிச்சாரு.' தன் பெரிய மகன், அவனுக்கு நாற்பத்தைந்து வயது, தடுக்க ஓடிவந்ததை 'இவன் ஓடியாந்தான்' என்றார். அதில் இருந்தது பாசம். தன்னை அடித்தவனுக்கு அவர் கொடுத்த 'ஆரு'வில் என்ன இருந்தது என்று நான் விளக்கப் போவதில்லை. எங்கள் குழுவில் ஒருவர் இடைமறித்து, 'அடிச்சான்னு சொல்லுங்கய்யா' என்று சொல்லிக் கொடுக்கப் பார்த்தார். வழக்கறிஞர் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். இங்கிலீஷில் நான் எழுதியது: 'ஹி கேம். ஹி பீட் மி.' இலக்கணப் பிழை இல்லை, வட்டமும் இல்லை.

'வட்டம் போடலையே' என்று கொஞ்சம் பெருமையாகத்தான் கேட்டேன். 'தப்பு எதுவும் இல்ல தோழர். ஆனா அந்த ரு எங்க?' என்றார். மாற்று வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 'சார்' என்று ஒரு சொல்லைச் சேர்க்கலாமா? வேடிக்கையாகிவிடும், சினிமாக் கிராமத்தான் மாதிரி. அடிக்குறிப்பு? ஆணையத்தில் அடிக்குறிப்பு யார் படிக்கிறார்கள்? கடைசியில் வாக்குமூலத்துக்கு முன்னால் ஒரு பத்தி சேர்த்தோம்: சாட்சி தன் பேரன் வயதுள்ள தாக்கியவரை நெடுகிலும் மரியாதை விகுதியிலேயே குறிப்பிட்டார், தாக்கியவர் அவரை ஒருமையில் அழைத்தார், இந்த வேறுபாடு ஆங்கில வினையில் வராது என்று. அந்தப் பத்தியை இங்கிலீஷில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. 'டிட்' சரியாக வந்திருந்தது.

அறிக்கை போய் ஐந்து மாதம் கழித்து, கூடுதல் விவரம் கேட்டு வந்த கடிதத்துக்காக மறுபடி அந்த ஊருக்குப் போனோம். கட்டு பிரித்திருந்தது, கை முழுசாக மடங்கவில்லை. அதே திண்ணை, அதே கேள்விகள். பாதி வரை 'வந்தாரு' என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார். பெஞ்ச் விஷயம் வந்த இடத்தில் 'அடிச்சான்' என்றார். சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். நான் எழுதுவதை நிறுத்தியிருந்தேன். 'எழுதுங்க தம்பி' என்றார்.

இரண்டு வாக்குமூலத்துக்கும் இங்கிலீஷ் ஒன்றுதான்: 'ஹி பீட் மி.' ஐந்து மாதத்தில் அந்த மனிதரிடம் ஏதோ நடந்திருக்கிறது என்பதற்கு அதில் தடயமில்லை. வாக்குமூலம் மாறிவிட்டது என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளவும் வழியில்லை என்பதால், அப்படியே விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். சட்டப்படி அவர் சொன்னது சரி. நான் எதுவும் சொல்லவில்லை. வழக்கறிஞர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இரண்டு சொல்லையும் தமிழ் எழுத்திலேயே, இங்கிலீஷ் வாக்கியத்துக்கு நடுவில் போட்டுவிடலாம் என்றார். அச்சகத்தில் இங்கிலீஷ் எழுத்துருவுக்குள் தமிழ் ஏறவில்லை; முதல் இரண்டு புரூஃபிலும் அந்த இடத்தில் கட்டம் கட்டமாக வந்தது. மூன்றாவதில்தான் 'அடிச்சாரு', 'அடிச்சான்' இரண்டும் தெரிந்தன. அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினோம். இங்கிலீஷை விட்டுவிட்டு அந்த இரண்டு சொல்லை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தார்.